செக்ஷன் சார் கட்டிய துப்பாக்கிப் பார்சல்

கைபேசியில் எதைத் திறந்தாலும் "ஐ அக்ரீ" என்று ஒரு பெட்டி வருமே, அதை அழுத்துவதற்கு முன்னால் மேலே எழுதியிருக்கும் அத்தனையையும் படித்துப் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பழைய தெருவில்தான் இருந்தார். டெக்சஸ் மாநிலம், பிளானோ நகரம், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. பெற்றோர் அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. எதைச் சொன்னாலும் சட்டத்தில் எந்த செக்ஷன் என்று கேட்பதால் எல்லோருக்கும் அவர் செக்ஷன் சார்.

கரூர்ப் பக்கத்துக்காரர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். லெகசி என்ற அலுவலகப் பகுதியில் ஒரு பெரிய மருத்துவக் கருவிக் கம்பெனியில் வேலை. கருவி வாங்கினால் கூடவே ஒரு தடித்த புத்தகம் வரும், பெட்டியோடு சேர்த்து நாம் குப்பையில் போடுவோம், அதை எழுதுகிறவர் அவர். தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்ற மனக்குறையோ என்னவோ, மற்றவர்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். யார் வீட்டிலாவது மருந்து வாங்கினால், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். மருந்து எதற்கு என்று கேட்க மாட்டார்.

என் மகளின் ஏழாவது பிறந்தநாளை ஒரு டிராம்போலின் பார்க்கில் வைத்தோம். கால் முறிந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு பத்திரம் உண்டு. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு உள்ளே போனோம். செக்ஷன் சார் வாசலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். குழந்தைகள் குதித்து முடித்தார்கள், கேக் வெட்டினோம், பீட்சா வந்தது, தீர்ந்தது. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"பதினோராவது பாயின்ட்டுக்கு அப்புறம் பதிமூணு வருதுங் அம்மிணி" என்றார். "பன்னெண்டைக் காணோம். அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாம எப்படிங் கையெழுத்துப் போடறது?"

வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய் மானேஜரைக் கேட்டாள். மானேஜர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். பன்னிரண்டாவது பாயின்ட் எங்கே போனது என்று அந்தக் கம்பெனியில் யாருக்குமே தெரியவில்லை. செக்ஷன் சார் தன் பங்கு கேக்கை பார்க்கிங்கில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, குழந்தையை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பொங்கலுக்குத் தெருவோடு சேர்ந்து வாசலில் பானை வைக்கலாம் என்று ஒரு வருடம் முடிவு செய்தோம். எங்கள் குடியிருப்பு சங்கத்தின் விதிகளில் திறந்த நெருப்புக்கு ஒரு தூரம் சொல்லியிருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலமே டேப்போடு வந்து நின்றார். கராஜ் கதவிலிருந்து அளந்தார், பக்கத்து வீட்டு வேலியிலிருந்து அளந்தார், புல்லிலிருந்து அளந்தார். கடைசியில் எங்கள் பொங்கல் தெருவைத் தாண்டி, தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் சிமென்ட் மேடைக்குப் பக்கத்தில் பொங்கியது. அன்றைக்குத் தபால்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

இப்படி அவரை வைத்துச் சிரித்தே எங்கள் தெருவில் பல வாரக் கடைசிகள் கழிந்தன. அதிகம் சிரித்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

செக்ஷன் சாருக்கு அடுத்த வீட்டில் வால்டர் இருந்தார். டெக்சஸ்காரர், எண்பதைத் தாண்டியவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். புல் வெட்டும்போதுகூடத் தொப்பி வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். வால்டர் எதையாவது சொல்வார், செக்ஷன் சார் போய் அது சரியா என்று பார்த்துவிட்டு மறுநாள் வருவார். வால்டருக்குப் பிடித்த கதை ஒன்றுதான். அவருடைய கொள்ளுத்தாத்தா நூற்றுக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு டெக்சஸிலிருந்து வடக்கே மாதக்கணக்கில் நடந்து போனவர். அப்போது இடுப்பில் இருந்த ரிவால்வர் இன்னமும் வீட்டில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா மீசையும் ரிவால்வருமாக நிற்கும் போட்டோ ஒன்று ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கியது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றாக வேண்டும்.

அந்த அக்டோபரில் வால்டர் வீட்டுக்குள் இரண்டு தடவை விழுந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போவதென்று அவரே முடிவெடுத்தார். சனிக்கிழமை காலை வண்டி வரும். வீட்டில் மிச்சம் இருப்பதை ஒரு கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போய் ஏலத்தில் விடும். துப்பாக்கியை இல்லத்துக்குள் கொண்டுபோக முடியாது.

போகிறதற்குப் பத்து நாள் முன்னால், கையில் ஒரு மரப்பெட்டியோடு அவர் செக்ஷன் சார் வீட்டு வாசலுக்கு வந்தார். வால்டர் பேசியது டெக்சஸ் ஆங்கிலம், நான் என் தமிழில் சொல்கிறேன்.

"இதை ஓரிகன் மாநிலத்துல இருக்கற என் பையனுக்கு அனுப்பணும். கூரியர் கடையில போய்க் கேட்டேன், வாசலைக் காட்டிட்டாங்க. உனக்குத்தான் ரூல் எல்லாம் தெரியுமே."

மகன் பெயர் டேனி. அப்பாவும் மகனும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு சாயங்காலம் ஆரம்பித்த சண்டை, எதற்கு என்று வால்டரே தெளிவாகச் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போகும்போது டேனி அந்த வீட்டில் இருந்து கேட்ட ஒரே பொருள் இந்த ரிவால்வர். நான் செத்த பிறகு எடுத்துக்கொள் என்றாராம் இவர்.

"இப்ப அது அவன் வீட்டு வாசல்ல போய் நின்னா அவனுக்குப் புரியும்" என்றார் வால்டர். "நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்ல வராது."

ஏலக்காரன் கைக்குப் போவதற்குள் அது டேனி கைக்குப் போக வேண்டும். வேறு எந்த வழியிலும் மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒரு கிழவர் அந்தப் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்களும் நானுமாக இருந்தால் உடனே கையை நீட்டி வாங்கியிருப்போம். செக்ஷன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம் என்று உள்ளே போனவர், அதைத் தான் வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மத்திய சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் படித்துவிட்டு நாற்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். அதுவரை வால்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் இருந்தார். செக்ஷன் சாரின் மனைவி சாந்தி அக்கா அவருக்கு இரண்டு காபி கொடுத்துவிட்டார்.

வால்டர் பெட்டியைத் திறந்து, ரிவால்வரின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளி, உருளையைச் சுற்றிச் சுற்றி ஆறு அறையும் காலி என்று காட்டினார். செக்ஷன் சார் ஆறையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். கதவு திறந்தே இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்குக் காலி என்று தெரியும் என்று வால்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் கறிவேப்பிலை கேட்டுப் போனபோது, சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள். மஞ்சள், பச்சை, ரோஜா என்று மூன்று நிறத்தில் கோடு போட்டிருந்தார். இதில் படிக்க என்ன இருக்கும் என்று எனக்கும் ஆர்வம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கைத்துப்பாக்கியைச் சாதாரண ஜனங்க போஸ்ட்ல அனுப்பக் கூடாதுங். லைசென்ஸ் இருக்கற டீலர் இன்னொரு டீலருக்கு அனுப்பலாம். நாம கூடாது."

"அப்ப முடிஞ்சுது."

"எங்கீங் முடிஞ்சுது? ஆன்டிக்னா அதுக்கு விலக்கு இருக்குது. ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு, இல்லன்னா அதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா ஆன்டிக். மியூசியம் பீஸ் மாதிரி. நாமளே அனுப்பலாம். நேரா டேனி வீட்டு வாசலுக்கே போயிரும்."

"தொண்ணூத்தொம்பதுல செஞ்சிருந்தா?"

"அது கலெக்டிபிள். பழசுதான், விலையும் ஜாஸ்திதான், கண்ணாடி அலமாரில வச்சு அழகு பாக்கலாம். ஆனா போஸ்டாபீஸுக்கு அது வெறும் துப்பாக்கி."

"ஒரே ஒரு வருஷம் சார். அதுக்குள்ள அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம ஆளுக கேக்கற கேள்வியாங் இது? உங்க வீட்டுக்காரரோட பிரயாரிட்டி டேட் என்னங் அம்மிணி?"

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு தேதி உண்டு. அரசாங்கம் மாதா மாதம் ஒரு கட்ஆஃப் தேதி போடும். நம் தேதி அதற்கு முன்னால் இருந்தால் கதவு திறக்கும், பின்னால் இருந்தால் திறக்காது. என் கணவரின் தேதி ஒரு தடவை எட்டே நாளில் தவறிப்போய், அடுத்த மாதமே கட்ஆஃப் பல வருடம் பின்னால் போய்விட்டது. எட்டு நாள் என்ன பாவம் செய்தது என்று நான் சமையலறையில் நின்று அழுதது தெருவுக்கே தெரியும்.

அதன் பிறகு பார்சல் கட்டும் வேலை தொடங்கியது. வெளியில் உள்ளே இருப்பது இன்னதென்று காட்டும் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது. பழைய பெட்டியில் பழைய முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. ஆகவே ஒன்றுமே எழுதாத புதுப் பெட்டி வாங்கினார். அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் குமிழ் காகிதம். முதலில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கட்டிப் பார்த்து, மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டுச் சோதித்தார். "கல்யாணம் ஆன இந்த இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு புடவைகூட இப்படிச் சுத்திக் குடுத்ததில்லீங்" என்றார் சாந்தி அக்கா. தபால் நிலையத்துக்கு மூன்று தடவை போன் செய்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பொருளோடு வருகிறேன் என்று சொல்லி, பேசியவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை காலை என்று முடிவானது.

புதன்கிழமை ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் லேப்டாப், கார், மிக்ஸி, பிரஷர் குக்கர், குழந்தைகளின் கால்குலேட்டர். அன்றைக்குச் சாந்தி அக்கா செக்ஷன் சாரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனை வருஷமா மிக்ஸிக்கும் குக்கருக்கும் பொட்டு வச்சேனுங். இந்த வருஷம் வீட்டுல நிஜமாவே ஒரு ஆயுதம் இருக்குது. அதை மட்டும் விட்டா சரஸ்வதி என்ன நினைப்பா?"

விதியில் இதற்குத் தடை இல்லை என்று அவரும் சம்மதித்துவிட்டார். ரிவால்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, குழாயில் மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டு, சுண்டலும் பொரியும் படைத்து, கற்பூரம் காட்டினார்கள். நானும் போய்க் கும்பிட்டேன். மறுநாள் காலையில் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார் சாந்தி அக்கா. மேலே மட்டும் துடைத்தார்.

வியாழன் காலை என்னையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன், இந்த வேடிக்கையை விட எனக்கு மனமில்லை. தபால் நிலையத்தில் வெள்ளை முடியும் நிதானமான குரலுமாக ஒரு மேற்பார்வையாளர் அம்மா எங்களைத் தனியறைக்குக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். மூன்று போன் வந்தால் யார்தான் கேள்விப்பட மாட்டார்கள்.

ஒட்டாமல் வைத்திருந்த பெட்டியைத் திறந்து ரிவால்வரைத் திருப்பினார். குழாயிலிருந்து மேஜைமேல் சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது.

செக்ஷன் சார் குனிந்து அதைப் பார்த்தார்.

"இது என்ன பவுடர்?" என்றார் அந்த அம்மா.

"சாம்பல்" என்றார் செக்ஷன் சார்.

"எதன் சாம்பல்?"

விபூதி, புனிதம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "மாட்டுச் சாணம்" என்றார்.

அந்த அம்மா அசரவில்லை. டெக்சஸ்காரிக்கு மாட்டுச் சாணம் புதிதில்லை. உருளையை மெதுவாகச் சுற்றினார். நாலாவது அறையில் வெள்ளையாக எதுவோ இருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்தே இருந்தது அல்லவா, அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்த அம்மா ஒரு பேனா முனையால் அதைத் தள்ளி வெளியே எடுத்தார். ஒற்றைப் பொரி.

"அரிசி" என்றார் செக்ஷன் சார், அவரே முந்திக்கொண்டு. "வறுத்தது."

"துப்பாக்கிக்குள்ள அரிசி ஏன்?"

"நேத்து அதுக்குப் பண்டிகை."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கி என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செக்ஷன் சார் சிரிக்கவில்லை. காலியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து, நல்லவேளை இன்னும் போடவில்லை என்றார். மிச்சம் ஐந்து அறையையும் பார்த்த பிறகுதான் போட்டார்.

அடுத்தது வருடம். வால்டரின் ஹாலிலிருந்து கடன் வாங்கி வந்த கொள்ளுத்தாத்தா போட்டோவை மேஜைமேல் வைத்து, இதோ ஆதாரம் என்றார் பெருமையாக. அந்த அம்மா போட்டோவைப் பார்த்தார், ரிவால்வரைப் பார்த்தார்.

"அழகான மீசை. இடுப்புல இருக்கறது ஒரு ரிவால்வர்னு தெரியுது. அது இந்த ரிவால்வர்தான்னு எப்படித் தெரியும்?"

ஊரில் எல்லோரிடமும் இவர் கேட்கிற கேள்வி, இவரிடமே வந்து நின்றது. வால்டர் என்ற மனிதரின் வாய்ச்சொல்லை, செக்ஷன் சார் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார். சிநேகம் கண்ணை மறைத்துவிட்டது. அடியில் நம்பர் இருக்கிறது, அதை வைத்து வருடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், 1898க்குள் என்றால் நானே ஸ்டாம்ப் ஒட்டுகிறேன் என்று அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். பொரியைக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிளானோ நூலகத்தில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான புத்தகம் ஒன்று இருந்தது. எந்த நம்பர் எந்த வருடம் என்று அட்டவணை. செக்ஷன் சார் விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். விரல் 1898இல் நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமாகத் தாண்டி, 1904இல் போய் நின்றது.

பூதக்கண்ணாடி வாங்கி நம்பரை மூன்று தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவை பார்த்தார். மாடுகள் எல்லாம் ரயிலில் போக ஆரம்பித்து வெகுநாள் கழித்துப் பிறந்த துப்பாக்கி. கொள்ளுத்தாத்தா மாடு ஓட்டியது நிஜமாகவே இருக்கலாம். அப்போது அவர் இடுப்பில் இருந்தது இது இல்லை.

காரில் வரும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், 1898னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம். யார் போய்ப் பாக்கப் போறா?"

"ஃபார்ம்லீங்களா?" என்றார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அப்ப வால்டர் கிட்ட இதான் விஷயம்னு சொல்லிடுங்க."

"என்னன்னுங் சொல்றது?" அவர் குரல் மாறிவிட்டது. "நாளன்னைக்கு அந்த மனுஷன் வீட்டை விட்டுப் போறாரு. சோபா போகுது, காரு போகுது, சம்சாரம் வச்ச ரோஜாச் செடி போகுது. கையில எடுத்துட்டுப் போறது அந்தக் கதை ஒண்ணைத்தான். அதையும் நான் புடுங்கிக்கணுமாங் அம்மிணி?"

மிச்சம் இருந்த வழி டீலர் வழி. நாங்கள் முருங்கைக்காய் வாங்கும் இந்தியக் கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது, அத்தனை வருடமும் நான் கவனித்ததே இல்லை. அங்கே கொடுத்தால் அவர்கள் ஓரிகனில் இருக்கும் டீலருக்கு அனுப்புவார்கள். அதே தபாலில்கூட அனுப்பலாம், அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது டேனியின் வாசலில் போய் நிற்காது. எந்தக் கடைக்கு அனுப்புவது என்று டேனி சொல்ல வேண்டும், அந்தக் கடைக்கு அவனே நேரில் போய் ஃபார்ம் நிரப்பி வாங்க வேண்டும். அதாவது யாராவது டேனிக்குப் போன் செய்தாக வேண்டும். அந்த ரிவால்வரை மட்டும் ஆறு வருடம் முன்னால், 1898இல், செய்திருந்தால் யாரும் யாரோடும் பேசாமலே காரியம் முடிந்திருக்கும்.

பார்சலுக்காக வால்டர் கொடுத்த விலாசத்தில் போன் நம்பரும் இருந்தது. அன்று மாலை செக்ஷன் சார் பேச வேண்டியதை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டார். மேஜையில் போனை ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பக்கம் சாந்தி அக்கா, ஒரு பக்கம் நான், நடுவில் மிச்சம் இருந்த சுண்டல்.

"ஒண்ணு, நான் உங்க அப்பாவோட பக்கத்து வீட்டுக்காரன். ரெண்டு, உங்க அப்பா நல்லா இருக்கார், பயப்பட வேண்டாம். மூணு, அவர் சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போறார். நாலு, அவர் உங்களுக்கு அந்த ரிவால்வரை அனுப்பச் சொன்னார். அஞ்சு, அதை அனுப்பறதுல வருஷம் சம்பந்தமா ஒரு சிக்கல்."

அந்தப் பக்கம் இருந்து ஒரு சிரிப்பு, சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு.

"1904" என்றான் டேனி.

செக்ஷன் சார் தாளைப் பார்த்தார். எண் போட்டு எழுதியிருந்த எந்தப் பாயின்ட்டிலும் அது இல்லை.

"பதினாலு வயசுலயே நம்பரைப் பாத்துட்டேன்" என்றான் டேனி. "அப்பா கிட்டச் சொல்லலை. அன்னிக்குச் சண்டையில வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டுத்தான் வெளியே வந்தேன். அதை மட்டும் சொல்லலை."

"அப்புறம் ஏன் அதைக் கேட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை அதைக் கழட்டி எண்ணெய் போட்டுத் துடைப்போம். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் என்னோட பேசுவார்."

சாந்தி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நிலைமையும் அதுதான்.

"நானே வந்து அதை வாங்கிக்கட்டுமா?" என்று டேனி மெதுவாகக் கேட்டான்.

இப்படி ஒரு கேள்வி வந்தால் வா ராசா என்று சொல்வதுதானே மனித இயல்பு. எங்கள் ஆள் ரோஜா நிறக் கோடு போட்ட தாளை எடுத்தார். "வாங்கிக்க முடியாது. நீங்க வேற மாநிலம். அப்பாவா இருந்தாலும் கையில குடுக்கக் கூடாது, உங்க ஊர் டீலர் வழியாத்தான் வரணும்." மேஜைக்கு அடியில் நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, தாளைக் கீழே வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஆனா நீங்க வர்றதுக்கு ரூல் எதுவும் தடை இல்லை. நான் பாத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வால்டர் வீட்டு முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவனுக்கு ஐம்பது வயது இருக்கும். கதவைத் தட்டாமல் கொஞ்ச நேரம் நின்றான். கதவு தானாகத் திறந்தது. செக்ஷன் சார் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை ஆடியது, என் வீட்டிலும் ஆடியது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அது எங்கள் வேலையும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டார்கள்.

சனிக்கிழமை காலை, இல்லத்து வண்டி வருவதற்கு முன்னால், நாங்கள் எல்லோரும் வால்டர் வாசலில் கூடினோம். பெட்டி செக்ஷன் சார் கையில் இருந்தது, அடுத்து டீலர் கடைக்குப் போக வேண்டியது. டேனி அப்பாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வால்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு செக்ஷன் சாரைப் பார்த்தார்.

"நீ ஒண்ணு சொல்லவே இல்லையே. போஸ்டாபீஸ்ல ஏன் வாங்கலை? என் கொள்ளுத்தாத்தா துப்பாக்கின்னு சொன்னியா இல்லையா?"

டேனி குனிந்து புல்லைப் பார்த்தான். காணாமல் போன பன்னிரண்டாவது பாயின்ட்டுக்காகப் பிறந்தநாள் விருந்தையே விட்டவர் அவர். அந்த ஆளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பழக்கமே இல்லை. பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சொன்னேன் வால்டர்" என்றார். "இது ரொம்பப் பழசாம். இவ்வளவு பழசெல்லாம் அவங்க எடுத்துக்கறதில்லையாம்."

வால்டர் மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டியா?" என்றார். டேனி தலையாட்டினான். கேட்டேன்ப்பா என்றான்.

வண்டி போன பிறகும் செக்ஷன் சார் அங்கேயே நின்றார். காது மடல் சிவந்திருந்தது, யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது ஃபார்ம் இல்லீங்களே அம்மிணி" என்று என்னிடம் மெல்லச் சொன்னார், நான் எதுவும் கேட்காமலே. எங்கள் பொறுப்பில் விட்டுப்போன ரோஜாச் செடியைத் தாண்டி இரண்டு பேரும் காருக்கு நடந்தோம். நாங்கள் இப்போது நியூஜெர்சிக்கு, பார்சிப்பனிக்கு வந்துவிட்டோம். இங்கே நல்ல மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள், எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள், எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.